பங்குனியில் கூரையைப் பாருங்கள்

(சங்கரன்கோவில் வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஊராட்சி மன்றத் தலைவர்களே, உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே!

மானாவாரி அறுவடை முடிந்து, களத்து வேலையும் ஒருவாறு ஓய்ந்திருக்கும் இப்பங்குனி மாதத்தில் உங்களைச் சந்திக்கக் கிடைத்தமைக்கு மகிழ்கிறேன். விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ நான் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்திருப்பது நம் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பற்றி.

கூரையின் நினைவு நமக்கு எப்பொழுது வருகிறது? ஐப்பசியில் முதல் ஒழுக்கு விழும்பொழுது வருகிறது. அப்பொழுது கொத்தனாரும் கிடைப்பதில்லை, உலர்ந்த ஓலையும் கிடைப்பதில்லை, ஏறி நின்று வேலை செய்ய மழையும் விடுவதில்லை. ஒழுகும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, “மழை விடட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்கிறோம். மழை விட்டதும் ஒழுக்கு நின்றுவிடுகிறது; அதோடு நம் நினைவும் நின்றுவிடுகிறது. இவ்வழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் வட்டாரத்தின் பருவத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் இடியோடு கோடை மழை இறங்கும். ஆனி பிறந்தால் மேற்கு மலைக் கணவாய் வழியாகக் காற்று வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்கு, ஆடித் தபசு காணும் நம் ஊரில் விளக்கம் தேவையில்லை. அதன் பின் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆகவே, கூரையைப் பிரித்து மாற்றுவதற்கு வெயிலும், ஆளும், ஓரளவு கையில் பணமும் சேர்ந்து அமைவது பங்குனியிலும் சித்திரை முற்பகுதியிலுந்தான்.

மழை எவ்வளவு பெரிதாக வரக்கூடும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நாம் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களோடு நம் தென்காசி மாவட்டமும் அந்தப் பெருமழையில் சிக்கியது. அத்தகைய மழையை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் அது வரும்பொழுது வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பது நம் கையில் இருக்கிறது.

கூரையின் குறை கூரையோடு நிற்பதில்லை. என் பாட்டியார் வீடு மண் சுவரும் ஓடும் கொண்ட வீடு. ஒரு கோடையில் சுவரோரமாக இரண்டு ஓடுகள் நழுவியிருந்தன. வீட்டுக்குள் ஒழுக்கு இல்லாததால் ஒருவரும் கவனிக்கவில்லை. கார்த்திகை முழுதும் தண்ணீர் சுவரின் உள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. மார்கழியில் ஓர் இரவு அச்சுவர் சரிந்தது. பாட்டியார் அடுத்த அறையில் படுத்திருந்ததால் உயிர் தப்பினார். சுவரைத் திரும்ப எழுப்புவதற்கு வீட்டிலிருந்த ஏர்மாட்டை விற்க வேண்டியதாயிற்று. இரண்டு ஓடு மாற்ற ஓர் ஆளின் அரை நாள் வேலை போதும். அதைச் செய்யாததற்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு ஜோடி மாடு.

எனவே இம்மாதத்தில் ஒவ்வொருவரும் முதலில் செய்ய வேண்டியது, கூரையைச் சோதிப்பது. நண்பகலில் கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு உள்ளிருந்து மேலே பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடமெல்லாம் மழைநீர் புகும் இடமாகும். கைமரங்களும் உத்தரமும் சுவரில் பதியும் முனைகளைக் கூர்மையான கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி எளிதாக இறங்கினால், கரையானோ ஈரமோ உள்ளே இருக்கிறது என்று அறியலாம். அம்மரத்தை மாற்றாமல் மேலே புது ஓடு போடுவதில் பயனில்லை.

இனி, கூரையை மாற்றுவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பனை ஓலை வேய்வோர், நன்கு உலர்ந்து, பாரம் ஏற்றித் தட்டையாக்கிய ஓலையையே பயன்படுத்துங்கள். ஈர ஓலை விரைவில் பூஞ்சை பிடித்து மக்கிவிடும். அடுப்பைக் கூரையிலிருந்து விலக்கி வையுங்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகளை இழந்தோம். கோடைக் காற்றில் ஒரு பொறி எவ்வளவு செய்யும் என்பதை அத்துயரம் நமக்குச் சொல்லிச் சென்றிருக்கிறது.

ஓலையை எடுத்துவிட்டுச் சீமை ஓடு போட விரும்புவோர், எடையைக் கணக்கிட வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரைக்கு ஏறத்தாழ 15 ஓடுகள் பிடிக்கும். அவற்றின் எடை 40 கிலோ அளவில் வரும். 300 சதுர அடி வீட்டின் ஓடுகள் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் நிறுக்கும். ஓலையைச் சுமந்துவந்த பழைய மண் சுவர் இந்தப் பாரத்தைத் தாங்குமா என்று அனுபவமுள்ள கொத்தனாரிடம் கேட்ட பின்னரே வேலையைத் தொடங்குவது உசிதம்.

தகரம் போடுவோர் காற்றை நினைவில் வைக்க வேண்டும். காற்று பெரும்பாலும் கூரையின் ஓரத்தில் நுழைந்துதான் தகடுகளைத் தூக்குகிறது. ஆகையால் ஓரங்களிலும் முகட்டிலும் கொக்கிகளை நெருக்கமாகப் போட்டு, கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்துவிடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை எடுக்கும்பொழுது தனிக் கவனம் தேவை. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தகட்டைத் தண்ணீரால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள், அறுக்காதீர்கள். அதன் மீது நேராகக் கால் வைக்கவும் கூடாது. பலகை போட்டு, அதன் மேல் நின்றே வேலை செய்ய வேண்டும்.

கான்கிரீட் தளம் போடுவோருக்கு வெயிலே பெருஞ்சோதனை. அதிகாலையில் கலவையைப் போட்டு, தளத்தின் மேல் சிறு பாத்தி கட்டி, குறைந்தது 10 நாளேனும் தண்ணீர் நிறுத்துங்கள். உப்புநீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்கவும் வேண்டாம். நம் ஊர்களில் தண்ணீர் அருமையாகும் காலம் இது. ஆகவே தளம் போடும் நாளைக் குறிக்கும் முன், தண்ணீருக்கு வழி செய்துகொள்ளுங்கள்.

எந்தக் கூரையானாலும், அன்றன்று மூட முடிந்த அளவே பிரியுங்கள். ஒரு தார்ப்பாய் அருகிலேயே இருக்கட்டும். கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாடு அரசு 2024-இல் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவது அதன் நோக்கம். முதற்கட்டமாக 1 இலட்சம் வீடுகளுக்கு, வீடு ஒன்றுக்கு 3½ இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. பழைய தொகுப்பு வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டமும் அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. திட்டம் எதுவாயினும், தகுதியுள்ள வீட்டின் பெயர் பட்டியலில் இருந்தால்தான் உதவி வந்து சேரும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எப்படியும் கேட்டுப் பெற்றுக்கொள்வார். தனித்து வாழும் மூதாட்டியும், கணவரை இழந்த தாயும், உடல் நலிந்தவரும் கேட்கவே மாட்டார்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கு நாம்தான் செல்ல வேண்டும்.

மார்ச் 22 கிராம சபைக் கூட்டம் பங்குனியிலும், மே 1 கூட்டம் சித்திரையிலும் வருகின்றன. முதற்கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகச் சென்று, பழுதான கூரைகளைக் குறித்துப் பட்டியலைச் சபையில் படியுங்கள். இரண்டாவது கூட்டத்தில் எத்தனை கூரைகள் சீராயின என்று கணக்குக் கேளுங்கள். அரசின் உதவி வந்து சேரும்வரை காத்திருக்க இயலாத வீடுகளுக்கு, தெருவிலுள்ள இளைஞர்கள் ஒரு நாள் உழைப்பைத் தந்தால், ஓடு பிரித்து அடுக்கும் கூலியேனும் மிச்சமாகும். கூரைக்கு ஓலையும் மரமும் தரும் பனையையும் காத்திடுங்கள். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று அரசு 2021-இல் அறிவித்திருப்பதை ஊரார்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பெருமக்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு கணம் அண்ணாந்து பாருங்கள். பின்பு, அடுத்த வீட்டில் தனியே இருக்கும் பாட்டியின் கூரையையும் பார்த்துவிட்டு வாருங்கள். வரும் ஐப்பசியில் மழை பெய்யும் இரவில் அவர் அச்சமின்றி உறங்குவாரானால், இக்கூட்டம் கூடியதன் பயன் கைகூடியதாகும்.