தூரத்துப் பச்சை எழுதிய அம்மையார்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் நமது ஹேவாஹெட்டவுக்கு அயல்தான். டெய்லரின் பெயரை நாம் பாடத்தில் படித்தோம். இம்மலைகளில் கொழுந்தெடுத்த பெண்களின் பெயர்களைப் படிக்கவில்லை. அப்பெண்களைக் கதையின் நடுவே வைத்த நாவலாசிரியை ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

கோகிலம் சுப்பையா எழுதிய 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. தமிழகக் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதையை ஒரு பெண்ணின் வாழ்க்கை வழியாக அது சொல்கிறது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். கிட்ட வந்த நம் முன்னோருக்குக் கிடைத்தவை லயத்துக் காம்பராவும், விடியற்காலைப் பிரட்டும், தீராத கடனும்தான். பின்னாளில் இந்நாவல் 'மிராஜ்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது.

அதே 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாகியிருந்த நம்மவரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 150,000 பேரின் விடயத்தைப் பின்னர் பேசுவதாக விட்டார்கள். யாருடைய அக்கா போவாள், யாருடைய தங்கை நிற்பாள் என்பதை அந்த எண்கள் சொல்லவில்லை. அதைச் சொல்ல நாவல்தான் வேண்டியிருக்கிறது.

இத்தகைய எழுத்து வேறு மலைநாடுகளிலும் பிறந்தது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் குளோரிந்தா மத்தோ தெ தூர்னேர் என்ற அம்மையார், அந்தீஸ் மலைப் பழங்குடியினர் பாதிரிமாராலும் அதிகாரிகளாலும் பட்ட துன்பத்தை 1889இல் நாவலாக்கினார். 'கூடில்லாப் பறவைகள்' என்பது அதன் பெயரின் பொருள். அதற்காகத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. நாடற்றிருந்த நமக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

தங்கைகளே, செக்றோலில் உங்கள் அம்மாவின் பெயருக்கு நேரே இருப்பது வேலைநாளும் கொழுந்தின் நிறையும் மட்டுமே. அவர் மலையில் என்ன பாடினார், யாரைப் பிரிந்து அழுதார், உங்களைப் படிக்கவைக்க எதை அடகு வைத்தார் என்பவை அதில் இல்லை. இன்றிரவே அம்மாவிடமும் அம்மாயியிடமும் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.