மன்னிக்கும் உரிமை அந்தத் தாய்மாருக்கே
(சிட்னியில் முள்ளிவாய்க்கால் நினைவுநாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒவ்வொரு மே மாதமும் எங்களைத் தேடி ஒரு புத்திமதி வருகிறது. "நடந்தது நடந்துபோச்சு. மன்னித்து மறந்துவிட்டு அடுத்த அலுவலைப் பாருங்கள்." கொழும்பிலிருந்து வருகிறது. சொல்ல நா கூசுகிறது, சிட்னியிலும் மெல்பேர்னிலும் எங்கள் சொந்த வீட்டு விருந்துகளிலும் கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

மன்னிப்பு என்றால் என்னவென்று இலங்கை அரசு எங்களுக்கு ஏற்கெனவே காட்டிவிட்டது. 2000 டிசம்பர் 19, மிருசுவில். இடம்பெயர்ந்து வேறிடத்தில் இருந்த சனம் தங்கள் வீடு வளவைப் பார்த்துவரப் போகிறது. அவர்களில் எட்டுப் பேரை இராணுவத்தினர் கழுத்தறுத்து மலக்குழிக்குள் புதைத்தார்கள். அதில் ஒன்று ஐந்து வயதுக் குழந்தை. தப்பிவந்த ஒருவர் வாய் திறந்ததால்தான் உலகம் அறிந்தது. வழக்கு இழுபட்டு இழுபட்டு, 2015இல் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவத்தினனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில் நாடே முடங்கிக் கிடந்த நேரம் பார்த்து, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவனை மன்னித்து வீட்டுக்கு அனுப்பினார்.

செத்தது யாருடைய பிள்ளை? மன்னித்தது யார்? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பதில் கேட்டுப் போய் உட்கார்ந்தார்கள். 2009 மே மாதம் போர் முடிந்த நேரம் வட்டுவாகலில், "விசாரித்துவிட்டு விடுவோம்" என்ற பேச்சை நம்பி, தங்கள் கையாலேயே பிள்ளையையும் புருஷனையும் இராணுவத்திடம் ஒப்படைத்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2020 ஜனவரியில், காணாமல் போனவர்கள் உண்மையில் செத்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னவரும் அதே கோட்டாபயதான். எங்கே, எப்படி, யார் கையால் என்று சொல்லவில்லை. மரணச் சான்றிதழ் தருவார்களாம். அந்தக் கடதாசியை வாங்க மறுத்து, புலனாய்வுக்காரர் படம் பிடிக்கப் பிடிக்க, பிள்ளையின் படத்தை நெஞ்சில் ஏந்தி வெயிலில் இருக்கிறார்களே, வீரம் என்றால் எனக்கு அதுதான். பிள்ளையின் முகத்தைக் காணாமலே கண்ணை மூடிய தாய்மார் எத்தனை பேர்! அவர்களிடம் போய் மன்னியுங்கள் என்று சொல்ல எங்களில் யாருக்கு வாய் வரும்?

மன்னிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. இந்த மாநிலத்திலேயே உண்டு. வடக்கே பிங்கராவுக்குப் பக்கத்தில் மயால் கிறீக். 1838 ஜூன் 10இல் மாட்டுப் பண்ணை ஆட்கள் குறைந்தது 28 பூர்வகுடி மக்களை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும், கயிற்றில் பிணைத்துக் கொண்டுபோய் வெட்டி எரித்தார்கள். சிட்னியில் நடந்த முதல் வழக்கில் ஜூரி எல்லாரையும் விடுவித்தது. சட்டமா அதிபர் பிளங்கெட் விடவில்லை. மறுபடி வழக்கு வைத்தார். டிசம்பரில் ஏழு பேர் தூக்கில் தொங்கினார்கள். முன்னின்று நடத்திய பிளெமிங் மட்டும் தப்பிவிட்டான். பெரிய கைகள் தப்புவது அன்றும் இருந்தது.

2000 ஜூனில் அங்கே நினைவுக்கல் திறந்தபோது, கொன்றவர்களின் வழிவந்தோர் தாங்களாகவே வந்து, எங்கள் முன்னோர் செய்தது கொலை என்று ஒப்புக்கொண்டு நின்றார்கள். பறிகொடுத்தவர்களின் வழிவந்தோர் அவர்களை அணைத்துக்கொண்டார்கள். இடையில் 162 ஆண்டுகள்! 2008 பெப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட பூர்வகுடித் தலைமுறையினரிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டது அரசு. கேட்க வேண்டியவன் கேட்காமல், கொடுக்க வேண்டியவளை நெருக்கும் அநியாயம் எங்கள் ஊரில்தான் நடக்கிறது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கோபம் தரும். தரட்டும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேர அவகாசத்தில், உடுத்த துணியோடு விரட்டியவர்கள் விடுதலைப் புலிகள். வன்னிப் போரின் கடைசி மாதங்களில் தப்பியோடிய எங்கள் சனத்தையே சுட்டதும், பதின்வயதுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதும் அவர்கள்தான். இதைச் சொல்வதால் அரசு செய்த இனப்படுகொலை அணுவளவும் சிறுக்காது. ஆனால் எங்கள் பெயரால் நடந்ததற்குத் தலை குனியாமல் மற்றவனிடம் உண்மை கேட்டு நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த நகரத்திலும் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால், அடுத்த ஆண்டு அவர்களை அழைத்து முன்வரிசையில் இருத்துங்கள். அவர்கள் வராவிட்டால் அது அவர்களுடைய உரிமை.

நாங்கள் கேட்கும் உண்மை இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 2025இல் தோண்டத் தோண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு பிள்ளையின் எலும்போடு பள்ளிக்கூடப் பையும் வந்தது. கொழும்பு நீதி தராதபோது வெளிநாடுகள் அசையத் தொடங்கின. ராஜபக்ச சகோதரர்கள் மீதும் அந்த மிருசுவில் கொலையாளி மீதும் கனடா 2023 ஜனவரியில் தடை விதித்தது. 2025 மார்ச்சில் பிரித்தானியா, முன்னாள் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா, புலிகளிலிருந்து பிரிந்துபோன கருணா உட்பட நான்கு பேர் மீது தடை விதித்தது. அப்படித் தடை விதிக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2021 டிசம்பரிலேயே நிறைவேற்றிவிட்டது. இங்கே வாக்குரிமை உள்ள ஒவ்வொருவரும் இந்த வாரமே உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போங்கள். இந்தப் பெயர்களை எழுதிக் கொடுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.