முதலும் சினையும்: ஒரு கடலுயிரின் பெயராராய்ச்சி



அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலில் கூடும் அவைக்குக் கடல் புதியதன்று. எனினும் அக்கடல் தமிழிலக்கணத்தின் முன் வைக்கும் வினா ஒன்று புதியது. ஒருவகை உயிரினை ‘அது’ என ஒன்றன்பாலில் சுட்டுவதா, ‘அவை’ எனப் பலவின்பாலில் சுட்டுவதா என்பதே அவ்வினா.

விலங்கியலார் அவ்வுயிர்களின் வரிசையைச் ‘சைபனோபோரா’ என்பர். 1829இல் எஷ்ஷோல்ட்ஸ் இட்ட பெயர் அது. ‘குழல் தாங்கி’ எனப் பொருள்படுதலின், நன்னூல் நெறிப்படி அது காரணப்பெயர். ஒரே முட்டையினின்று தோன்றும் இவ்வுயிர், அரும்பி அரும்பிப் பல அலகுகளாக வளர்கிறது. ஓரலகு இரையுண்ணும், ஓரலகு நீந்தும், ஓரலகு இனம் பெருக்கும். அலகு ஒவ்வொன்றும் அமைப்பால் தனித்து வாழும் குழியுடலியை ஒத்தது. செயலால் ஓருடலின் உறுப்பு. அமைப்பை நோக்கின் முதல். செயலை நோக்கின் சினை.

இம்மயக்கம் பெயரிட்டோரையும் விடவில்லை. சிலவற்றின் தண்டினின்று அலகுகள் சிறு தொகுதியாகப் பிரிந்து நீந்தும். அவற்றைத் தனியுயிர் எனக் கருதிய அறிஞர் வேறு பெயர் சூட்டினர். சினைக்கு முதலின் பெயர் கிடைத்தது. உண்மை தெரிந்தபின் அப்பெயர்கள் பல வழக்கொழிந்தன.

வகுத்தலிலும் இதே இடர்ப்பாடு உண்டு. காற்றுப்பை மட்டும் உடையவை, காற்றுப்பையும் நீந்துமணிகளும் உடையவை, நீந்துமணிகள் மட்டும் உடையவை என மூன்று பிரிவுகள் கொள்ளப்பட்டன. மூன்றாவது பிரிவு இரண்டாவதனுள்ளிருந்தே கிளைத்தது என்பதை மரபணு ஆய்வு பின்னர்க் காட்டியது.

இத்துறைக்கு நம் கடலும் பங்களித்துள்ளது. சென்னைக் கடற்கரையின் சைபனோபோர்களை ஆர். டானியேல், ஏ. டானியேல் ஆகியோர் 1963இல் ஆராய்ந்து வெளியிட்டனர். இந்திய விலங்கியல் அளவைத்துறையின் விலங்குநூல் வரிசையில் இவற்றுக்கெனவே ஒரு தொகுதி 1985இல் வந்தது.

இவற்றுள் மக்கள் நன்கறிந்தது, நீலநிறக் காற்றுப்பையுடன் மிதக்கும் பைசாலியா. லின்னேயசு 1758இல் அதனைக் கடலட்டைகளின் பேரினத்தோடு சேர்த்தார்; லாமார்க் 1801இல் தனிப் பேரினமாக்கினார். நெடுங்காலம் ஒரே இனமாகக் கொள்ளப்பட்ட அது, நான்கு இனங்கள் எனப் 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ‘ஒன்று’ என்றதும் ‘பல’ ஆயிற்று.

ஆங்கிலர் அதற்கு இட்ட பெயர் பாய்விரித்த போர்த்துக்கீசியப் போர்க்கப்பலைக் குறிப்பது. அதனைப் ‘போர்வீரன்’ எனத் தமிழாக்குவோர் கப்பலையும் இழந்தனர், உயிரையும் இழந்தனர். பரதவரோ இழுது போன்ற உடலுடைய கடலுயிர்களைச் ‘சொறி’ என்பர். கரையொதுங்கி இறந்தபின்னும் பைசாலியாவின் கொட்டும் இழைகள் நஞ்சூட்ட வல்லவை. ‘சொறி’ என்னும் ஒரு சொல், மணலில் அதனை எடுக்க நீளும் குழந்தையின் கையைத் தடுக்கும். ‘போர்வீரன்’ தடுக்கமாட்டான். ஆதலின் ‘நீலச்சொறி’ என்பது போன்ற பெயரே இங்கு வேண்டுவது.

முதலும் சினையும் பொருளால் நிலைத்த வேறுபாடுடையன அல்ல. சொல்வோன் குறிப்பைப் பற்றியன என்பது தொல்காப்பியர் கருத்து. ‘அதுவா, அவையா’ என்ற வினாவுக்கு அதுவே விடை. சொல்வோன் குறிப்பே எல்லை வகுக்குமாயின், சொல்வோனின் பொறுப்பும் பெரிது. கவிஞர் பெருமக்கள் புதுப்பெயர் படைக்குமுன் கரையில் வழங்கும் பெயரைக் கேட்டறிதல் கடன்.