பகா எண்ணும் நம் பணப் பூட்டும்

(கொட்டாம்பட்டியில் நடந்த நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் நம் குடியிருப்பில் ஒருவருக்கு வந்த போன் அழைப்பில் பணம் போனது எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து சிலர் பணம் அனுப்பும் செயலியையே போனிலிருந்து நீக்கிவிட்டீர்கள். "பேங்க் பூட்டையே உடைச்சுட்டாங்களா சார்?" என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டீர்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் செயலாளர் என்னையே பேசச் சொல்லிவிட்டார்.

இணையப் பூட்டுகளில் முக்கியமான ஒன்று பகா எண்களால் ஆனது. 7, 13, 19 போல, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடி வேலை. விடையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால்தான் திண்டாட்டம். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். பல கணினிகள் பங்கு போட்டுச் செய்த வேலை. ஒரே ஒரு செயலகக் கருவிடம் விட்டிருந்தால் சுமார் 2,700 ஆண்டு ஆகியிருக்கும். இன்று பரவலாக உள்ள பூட்டின் எண்ணுக்கு 617 இலக்கம்.

சரி, 300 இலக்கத்துக்கு மேலுள்ள எண் பகா எண்தானா என்று எப்படித் தெரியும்? வகுத்துப் பார்த்து முடியாது. தேங்காய் வாங்கும்போது உடைத்தா பார்க்கிறோம்? தட்டிப் பார்க்கிறோம். 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்ன தட்டு இது. 7-ல் ஒன்று குறைத்தால் 6. ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64; 7-ஆல் வகுத்தால் மீதி 1. ஆறு மூன்றுகளைப் பெருக்கினால் 729; அதற்கும் மீதி 1. இப்போது 9-ஐத் தட்டுங்கள். எட்டு இரண்டுகளின் பெருக்கல் 256. 9-ஆல் வகுத்தால் மீதி 4. ஆக, 9 பகா எண் இல்லை. எதனால் வகுபடும் என்று தேடாமலே தெரிந்துவிட்டது.

சில எண்கள் ஏமாற்றும். நம் ராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 அப்படி ஒன்று. அது 7 × 13 × 19. ஆனாலும் 2, 3, 5 என்று எதை வைத்துத் தட்டினாலும் மீதி 1 என்றே சாதிக்கும். 7, 13, 19 இவற்றின் மடங்கு ஏதாவது கையில் சிக்கினால்தான் குட்டு வெளிப்படும். டாக்சிக் கதையைவிட எனக்கு இந்தக் கள்ளத்தனம்தான் பிடிக்கும்!

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எந்த எண்ணாலும் அதை ஏமாற்ற முடியாது. எண் பெரிதானாலும் வேலை கட்டுக்கடங்காமல் பெருகாது. இரண்டையும் நிரூபணத்தோடு சாதித்த முதல் முறை. மாணவர்கள் இருவரும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். நடைமுறையில் கணினிகள் இதைவிட வேகமான தட்டுகளையே பயன்படுத்துகின்றன. அவை தவறும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

2024 அக்டோபரில் 4,10,24,320 இலக்கம் கொண்ட பகா எண் ஒன்று கிடைத்தது. பூட்டுக்கு அது உதவாது. ஊருக்கே தெரிந்த சாவி!

போன மாதம் இந்தப் பூட்டை யாரும் தொடவில்லை. அவர் அனுமதியோடு சொல்கிறேன்: போனில் வந்த ஆறு இலக்க ஓ.டி.பி.யை அவரே வாசித்துக் காட்டியிருக்கிறார். புகார் எண் 1930. பணம் போனது தெரிந்த உடனே கூப்பிட வேண்டும், மறுநாள் அல்ல. செயலியை நீக்கியவர்கள் ஞாயிறு காலை போனோடு வாருங்கள், திரும்பப் போட்டுத் தருகிறேன்.