வழியோரத்திலிருந்து வழிக்கு
(வானொலி மறையுரை – மாற்கு 10:46-52)



டிசம்பர் 3ஆம் நாளை மாற்றுத்திறனாளிகளுக்கான அனைத்துலக நாளாக 1992ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அந்த நாளை ஒட்டி, மாற்கு நற்செய்தியில் நாம் சந்திக்கும் பர்த்திமேயு என்ற மனிதரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

எரிகோ நகருக்கு வெளியே, எருசலேமுக்குப் போகும் சாலையின் ஓரத்தில் பார்வையற்ற அவர் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறார். இயேசு அந்த வழியாகப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், தம்மேல் இரங்கும்படி கத்துகிறார். உடனே பலர் அவரை அதட்டுகிறார்கள். இவர்கள் இயேசுவின் பகைவர்கள் அல்லர், அவரோடு நடந்து வந்த பக்தர்கள். இயேசுவின் பயணத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று நினைத்தவர்கள். பர்த்திமேயுவை இயேசுவிடம் வரவிடாமல் தடுத்தது அவருடைய கண் அல்ல. இயேசுவைச் சூழ்ந்து நின்ற கூட்டம்தான்.

இந்த இடத்தில் நம் பங்கைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 2 கோடியே 68 இலட்சம் பேர். நூற்றுக்கு இருவருக்கும் சற்று அதிகம். அப்படியானால், ஆயிரம் பேர் உள்ள ஒரு பங்கில் குறைந்தது இருபது பேராவது இருக்க வேண்டும். ஞாயிறு திருப்பலியில் அந்த இருபது பேரையும் பார்க்கிறோமா? நாலைந்து பேரைத்தான் பார்க்கிறோம் என்றால், மற்றவர்கள் எங்கே? வீட்டில் இருக்கிறார்கள். சிலர் வர முடியாமல் இருக்கிறார்கள். சிலர் வந்து பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்று இருக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை திருப்பலி நேரத்தில் சத்தம் போடுகிறது. முன்வரிசையிலிருந்து பத்துத் தலைகள் திரும்புகின்றன. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். அடுத்த ஞாயிறு வாசலோடு நிற்கிறார். அதற்கடுத்த ஞாயிறு வருவதில்லை. நாமும் கேட்பதில்லை. எரிகோவில் கூட்டம் வாயால் அதட்டியது. நாம் பார்வையாலேயே அதட்டிவிடுகிறோம்.

இயேசு என்ன செய்தார்? முதலில் அவர் நின்றார். எருசலேம் நோக்கி, தம் பாடுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர், சாலையோரக் குரலுக்காக நின்றார். அடுத்து, அவரைக் கூப்பிடுங்கள் என்று கூட்டத்திடமே சொன்னார். இயேசு நினைத்திருந்தால் தாமே நேராகப் போயிருக்கலாம். அதட்டிய வாய்களைக் கொண்டே அழைக்கச் செய்தார். பர்த்திமேயுவுக்குப் பார்வை கிடைப்பதற்கு முன்பே, அந்தக் கூட்டத்துக்கு ஒரு குணம் கிடைத்துவிட்டது.

மூன்றாவதாக, அவர் ஒரு கேள்வி கேட்டார். நான் உமக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர் என்று கேட்டார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டார். அதுவரை பர்த்திமேயுவின் கையில் காசு போட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் இயேசு ஒருவர்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது. இரக்கத்துக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இரக்கம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். மதிப்பு, பதிலுக்காகக் காத்து நிற்கும்.

அன்பானவர்களே, இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம். பர்த்திமேயு பார்வை பெற்றார். நம்மிடையே பார்வை பெறாதவர்கள், நடக்க முடியாதவர்கள், எவ்வளவோ செபித்தும் அப்படியே இருப்பவர்கள் நிலை என்ன? அவர்களுடைய விசுவாசம் போதவில்லையா? அப்படிச் சொல்லுகிற குரல்கள் உண்டு. நம்பிக்கையோடு மன்றாடிய குடும்பங்களை அந்தக் குரல்கள் எவ்வளவு காயப்படுத்தியிருக்கின்றன என்பது அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும்.

நற்செய்தியைக் கவனமாக வாசியுங்கள். இயேசு அழைத்தபோது பர்த்திமேயு பார்வையற்றவராகவே இருந்தார். எழுந்து வந்தபோதும் பார்வையற்றவர்தான். இயேசுவின் முன்னால் நின்று தம் விருப்பத்தைச் சொன்னபோதும் பார்வையற்றவர்தான். குணமான பிறகு வா என்று ஆண்டவர் சொல்லவில்லை. அழைப்பு முதலில் வந்தது. ஆகவே, ஒருவர் குணமடைந்தால்தான் நம்மோடு சேர முடியும் என்ற நிபந்தனைக்கு நற்செய்தியில் இடமில்லை.

திருச்சபை வரலாற்றில் இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 1013ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த ஹெர்மன் என்பவருக்குச் சிறுவயது முதலே கைகால்கள் சரிவர இயங்கவில்லை. நடக்க முடியாது. பேசுவதும் கடினம். அவரை ரைக்கனாவு தீவில் இருந்த துறவு மடத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தத் துறவிகள் அவரை ஒரு மூலையில் வைத்து உணவளித்ததோடு நின்றிருந்தால், உலகம் அவரை அறிந்திருக்காது. அவர்கள் அவரைச் சுமந்தார்கள், அவருக்குக் கற்பித்தார்கள், அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். அவர் துறவியானார். கணிதம், வானியல், இசை, வரலாறு என்று பல துறைகளில் நூல்கள் எழுதினார். நம் வீடுகளில் செபமாலை முடிவில் சொல்லும் 'கிருபை தயாபத்து' மந்திரத்தை இயற்றியவர் அவரே என்பது நெடுங்கால மரபு. இன்று திருச்சபை அவரை அருளாளர் ஹெர்மன் என்று போற்றுகிறது. அவர் கடைசிவரை குணமடையவில்லை. ஆனால் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தை அவருடைய சகோதரர்கள் கொடுத்தார்கள்.

இந்த இடம் நாம் மனமிரங்கித் தருகிற தானம் அன்று. அது அவர்களுடைய உரிமை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அரசு வேலைகளில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் இடஒதுக்கீடு தருகிறது. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்கள் எல்லாருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2025ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டத் திருத்தம் செய்தது. எங்களைப் பற்றிய முடிவை எங்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள் என்பது மாற்றுத்திறனாளிகளின் நீண்ட காலக் கோரிக்கை. எரிகோ சாலையில் ஆண்டவர் கேட்ட கேள்வியை நாடு இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

ஊராட்சி மன்றத்தில் அவர்களுக்கு இடம் வருகிறது. நம் பங்குப்பேரவையில் இடம் உண்டா? அன்பியக் கூட்டம் மாடிவீட்டில் நடக்கும்போது, படியேற முடியாத ஒருவர் கீழே இருக்கிறாரே என்று யாராவது நினைத்தோமா?

திருவருட்சாதனங்களிலும் இந்த உரிமை உண்டு. 2020ஆம் ஆண்டு இதே நாளையொட்டி வெளியிட்ட செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையின் மற்ற உறுப்பினர்களைப் போலவே மாற்றுத்திறனாளிகளுக்கும் திருவருட்சாதனங்களைப் பெறும் உரிமை உண்டு என்று உறுதியாகச் சொன்னார். ஆனால் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளையைப் புதுநன்மைக்குத் தயாரிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், இந்தப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று நாம் தயங்குகிறோம். நற்கருணை மறைபொருள் நம்மில் யாருக்கு முழுவதும் புரிந்துவிட்டது? அப்பத்துக்காகக் கை நீட்டும் பிள்ளைக்கு, அன்பு என்னவென்று தெரிந்திருக்கிறது. அதற்கு ஏற்றவாறு படங்களாலும் சைகைகளாலும் பொறுமையாலும் கற்பிப்பது மறைக்கல்வி ஆசிரியர்களாகிய நம் கடமை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கோவில் வாசலில் சாய்தளம் கட்டினால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் மோட்டார் சைக்கிள்தான் ஏறும், சக்கர நாற்காலி ஏறாது. கட்டிய சாய்தளத்தின் கதவைப் பூட்டி வைக்கவும் கூடாது. பெஞ்சுகளுக்கு நடுவே சக்கர நாற்காலிக்கு இடம் விடுங்கள், அதுவும் ஓரத்தில் அல்ல, குடும்பத்தோடு சேர்ந்திருக்கும்படி. பிரெயில் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் வாசகம் வாசிக்க அழையுங்கள். காது கேளாதவர்கள் இருந்தால், சைகைமொழி கற்க இரண்டு இளைஞர்களை அனுப்புங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு. இந்த வாரம் உங்கள் அன்பியத்தில் வீடு வீடாகப் போய், மாற்றுத்திறனாளிகள் யார் யார் இருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். போகும்போது பழமும் பிஸ்கட்டும் வாங்கிப் போகலாம், தவறில்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டு உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். உட்காருங்கள். நாங்கள் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அம்மாவிடமோ அண்ணனிடமோ கேட்காமல், அவரிடமே கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலும் காத்திருங்கள். அவர் சொல்வதைப் பங்குத்தந்தையிடமும் பங்குப்பேரவையிடமும் கொண்டு வாருங்கள்.

பர்த்திமேயுவின் கதை எப்படி முடிகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் அவர் வழியோரம் உட்கார்ந்திருந்தார். முடிவில் இயேசுவைப் பின்பற்றி அதே வழியில் நடந்தார். முன்பு அவரை அதட்டியவர்கள் நடுவிலேயே, அவர்களில் ஒருவராக எருசலேமுக்குப் போனார். நம் கோவில் வாசலோடு நின்றுவிட்டவர்களும் நம் நடுவே வந்து அமரும் நாளில்தான், நாம் இயேசுவோடு நடக்கும் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி பெறுவோம்.

செபிப்போம். அன்பு ஆண்டவரே, வழியோரக் குரலுக்காக நீர் நின்றீர். எங்களையும் நிற்கச் செய்யும். அதட்டிய வாய்களை அழைக்கும் வாய்களாக மாற்றியவரே, எங்கள் வாய்களையும் பார்வைகளையும் மாற்றும். எங்கள் பங்கில் யாரும் ஓரத்தில் இருக்க வேண்டாதபடி, இடம் கொடுக்கும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.