முதல் ரவுட்டர் சின்னதாகவே இருக்கட்டும்

மரவேலையைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டவர்கள் உளி, இழைப்புளி, டிரில் என்று வாங்கிச் சேர்த்த பிறகு, அடுத்ததாகக் கண் வைப்பது ரவுட்டர் மேல்தான். பலகையில் காடி எடுக்கலாம், கூரான விளிம்பை உருட்டலாம், ஒரு அச்சை வைத்து அதே அளவில் பத்துத் துண்டு வெட்டலாம். எதை வாங்குவது என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே யோசனைதான் வரும்: "வாங்குறதே வாங்குறீங்க, பெருசா வாங்கிடுங்க." அரை இஞ்ச் பிட் பிடிக்கிற, 1600 வாட் அளவுள்ள, அழுத்தினால் கீழே இறங்கும் பிளஞ்ச் ரவுட்டரைத்தான் சொல்கிறார்கள். வீட்டில் ஓய்வு நேரத்தில் வேலை செய்பவருக்கு முதல் ரவுட்டராக அது பொருந்தாது என்பது என் கட்சி. ஆசாரிகள் மைக்கா ஒட்டியபின் ஓரம் சீவ வைத்திருக்கிறார்களே டிரிம்மர், ஒரு கைக்குள் அடங்கும் அந்தச் சின்ன ரவுட்டரைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

முதல் காரணம் எடை. விளிம்பை உருட்டும்போது ரவுட்டரின் அடித்தட்டில் பாதிதான் பலகைமேல் இருக்கும், மீதி அந்தரத்தில் நிற்கும். பெரிய ரவுட்டர் ஐந்தாறு கிலோ வரும். பழகாத கை சற்றே சாய்ந்தாலும் பிட் மரத்தைக் கடித்துவிடும், தேக்குப் பலகையானால் காசும் போச்சு. டிரிம்மர் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு கிலோதான். அடுத்து, செய்யப்போகும் வேலையைப் பாருங்கள். டிராயரின் அடிப்பலகை உட்கார 6 மில்லிமீட்டர் காடி, கீல் பதிக்க ஒரு பள்ளம், தட்டுக்கும் பெட்டிக்கும் விளிம்பு உருட்டல். இவற்றுக்கெல்லாம் 500 முதல் 700 வாட் தாராளம்.

சின்னது என்பதற்காக எதையாவது வாங்கிவிடவும் கூடாது. டிரிம்மர் நிமிடத்துக்கு 30,000 சுற்றுப் போலச் சுழலும். அந்த வேகத்தில் 6 மில்லிமீட்டர் பிட்டின் நுனி மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டரில் ஓடுகிறது. அதே சுற்றில் 50 மில்லிமீட்டர் அகலப் பிட்டை ஓட்டினால் நுனி வேகம் 280 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த மாதிரிப் பிட்டை டிரிம்மரில் மாட்டவே கூடாது. அதற்குள் அடங்கும் பிட்டுகளிலும் அகலம் கூடக்கூடச் சுற்றைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மரம் கருகும். ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அடுத்தது காலட், அதாவது பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி. நம் கடைகளில் 6 மில்லிமீட்டர், கால் இஞ்ச் என்று இரண்டு அளவும் கலந்தே கிடைக்கின்றன. கால் இஞ்ச் என்பது 6.35 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் 0.35 மில்லிமீட்டர், வம்பு அங்கேதான். கால் இஞ்ச் பிட் 6 மில்லிமீட்டர் காலட்டில் நுழையாது, அதோடு விஷயம் முடிந்தது. 6 மில்லிமீட்டர் பிட் கால் இஞ்ச் காலட்டில் சுலபமாக நுழையும், நட்டை முறுக்கினால் பிடித்தது போலவும் இருக்கும். ஓட ஆரம்பித்த பிறகுதான் வழுக்கி வெளியே வரும். ஆகையால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, எல்லா பிட்டையும் அந்த அளவிலேயே வாங்குங்கள். மாட்டும்போது தண்டை அடிவரை தள்ளி, பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இழுத்து முறுக்க வேண்டும். முறுக்கும்போது காலட் பிட்டைச் சற்றுக் கீழே இழுக்கும். ஏற்கெனவே அடியில் முட்டி நின்றால் பிடி முழுமையாக விழாது. இதற்கெல்லாம் முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சொல்லவே வேண்டாம்.

"சின்ன தண்டு அதிருமே" என்பார்கள். நியாயமான கேள்வி. தண்டின் கனம் இரட்டிப்பானால் வளையாமல் நிற்கும் வலு பதினாறு மடங்காகும், அரை இஞ்ச் பிட்டின் பெருமையே அதுதான். ஆனால் அந்த வலு தேவைப்படுவது ஒரே ஓட்டத்தில் ஆழமாக வெட்டுபவருக்கு. நாள் கூலிக்கு வேலை செய்பவருக்கு அவசரம் உண்டு, பொழுதுபோக்குக்காரருக்கு என்ன அவசரம்? ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டராக இறக்கிப் போனால் 10 மில்லிமீட்டர் காடியும் சுத்தமாக வரும். "பிறகு பெரியதும் வாங்க நேர்ந்தால் இரட்டைச் செலவு இல்லையா?" என்ற வாதமும் உண்டு. பெரியது வந்ததும் பெரும்பாலும் மேசைக்கடியில் தலைகீழாக மாட்டப்பட்டு அங்கேயே தங்கிவிடும், கையில் எடுப்பது டிரிம்மரைத்தான். ஒரே ஒரு விலக்கு: நிலை, கதவு என்று கனமான மரத்தில்தான் இறங்கப்போகிறீர்கள் என்றால் நேராகப் பெரியதற்கே போய்விடுங்கள்.

மிச்சமான பணம் பிட்டுக்கும் பாதுகாப்புக்கும் போகட்டும். முப்பது பிட் கொண்ட மலிவுப் பெட்டியில் பாதி எப்போதும் பெட்டியிலேயே கிடக்கும். கார்பைடு முனை வைத்த நாலு நல்ல பிட் போதும்: நேர் பிட் இரண்டு அளவில், அச்சை ஒட்டி ஓடும் பேரிங் பிட் ஒன்று, விளிம்பு உருட்டும் பிட் ஒன்று. கண்ணாடி, காதடைப்பு, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. பலகையை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, வெளி விளிம்பில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தள்ளிப் போங்கள். திசை மாறினால் பிட் ரவுட்டரையே முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும்.