விக்கிக் குறிப்பேடும் தமிழ் எழுத்தும்: தொடுதிரையில் திருத்துதல் பற்றிச் சில கருத்துகள்



ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் எழுதி, அதிலுள்ள சொல்லை வேறொரு பக்கத்தோடு இணைத்து, நாள்தோறும் வளர்த்துச் செல்லும் குறிப்பேட்டை விக்கி என்கிறோம். வார்டு கன்னிங்காம் 1995இல் முதல் விக்கியை இணையத்தில் வைத்தார். 2004இல் ஜெரமி ரஸ்டன் உருவாக்கிய டிட்லிவிக்கி, குறிப்பேடு முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கித் தனி ஒருவரின் கையில் கொடுத்தது. பிரிக்பீல்ட்ஸ் வரலாற்றைத் தொகுக்கும் மாணவர், செங்கல் சூளைகள், இரயில்வே குடியிருப்புகள், 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வைத்துப் பின்னிக்கொண்டே போகலாம். ஆயினும் நம் மாணவர் பலர் தமிழில் பேசிவிட்டுக் குறிப்பை மட்டும் ஆங்கிலத்திலோ மலாயிலோ எடுக்கின்றனர். சோம்பல் என்று கடிந்துகொள்ளுமுன், கருவி அவர்களை எப்படி நடத்துகிறது என்று பார்ப்பது முறை.

தட்டச்சு இன்று தடையன்று. அதில் இந்நகரத்துக்குப் பெரும் பங்குண்டு. கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அவருடைய செல்லினம் 2005இல் கைப்பேசிக்கு வந்தது. 2013 முதல் ஐபோனிலேயே அஞ்சல், தமிழ் 99 ஆகிய இரு விசைமுகங்களும் உள்ளன. தமிழ் 99இல் ககர விசையை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். மொழியின் இயல்பை விசைமுகம் அறிந்திருப்பதன் பயன் அது. எழுதியதைத் திருத்தும்போதும் இணைக்கும்போதும் அந்த அறிவைக் காணோம்.

‘கி’ என்று எழுதி அழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். நன்னூல் கற்றவருக்கு அது க் + இ. உயிர் நீங்கினால் எஞ்ச வேண்டியது ‘க்’. பெரும்பாலான கருவிகளில் எஞ்சுவதோ ‘க’. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டு முறையைப் பின்பற்றிய ஒருங்குறி, அகரம் ஏறிய மெய்யை அடிப்படையாகக் கொண்டு மற்ற உயிர்களைக் குறிகளாக அதன்பின் வைக்கிறது. இலக்கணப்படி இது பிழையே. ஆனாலும் ‘கி’யைக் ‘கீ’யாக்க விரும்பும் சிறுவனுக்கு முழு எழுத்தும் அழிவதைவிட இது மேல் என்பேன்.

இணைப்பில்தான் உண்மையான இடர். கன்னிங்காமின் விக்கியில், சொற்களை ஒட்டி எழுதி ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இட்டால் இணைப்பு உண்டாகும். நமக்குப் பெரிய எழுத்தே இல்லை! பின்னர் வந்த இரட்டைச் சதுர அடைப்பு எம்மொழிக்கும் பொதுவானதுதான். ஆனால் தொடுதிரையில் அந்த அடைப்புக்குறி எண் பலகையையும் தாண்டிய மூன்றாம் பலகையில் கிடக்கிறது. அங்குச் சென்று திறந்து, தமிழ்ப் பலகைக்குத் திரும்பி எழுதி, மீண்டும் சென்று மூட வேண்டும்.

அதன் பின்னும் வேற்றுமை உருபு காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அடைப்பை மூடிய பின் விகுதியை ஒட்டினால் போதும். ‘கிள்ளான்’ என்பதை அடைப்புக்குள் வைத்து வெளியே ‘இல்’ என்று ஒட்டினால் ‘கிள்ளான்இல்’ என்று நிற்கும். ஆகவே தமிழ் விக்கிப்பீடியாவில், பக்கத் தலைப்பாகக் ‘கிள்ளான்’ என்றும் கண்ணுக்குத் தெரியக் ‘கிள்ளானில்’ என்றும் இருமுறை எழுதி நடுவே ஒரு நெடுங்கோடு இடுகிறார்கள். மேசைக் கணினியில் பொறுத்துக்கொள்ளலாம். பேருந்தில் நின்றுகொண்டு கட்டைவிரலால் எழுதுபவர் இதைச் செய்யமாட்டார்.

மாணவர் ‘கிள்ளானில்’ என்று எழுதியதும், ‘கிள்ளான் பக்கத்தோடு இணைக்கவா?’ என்று கருவியே கேட்க வேண்டும். ஒரு தொடுதலில் இணைப்பு அமைய வேண்டும். எழுதிய சொல் உருமாறாமல் நிற்க வேண்டும். தலைப்பின் இறுதிப் புள்ளியை நீக்கி ஒப்பிட்டாலே ‘கிள்ளானில்’ பிடிபடும். ‘மரத்தில்’ என்பதற்கு மகரம் கெட்டு அத்துச் சாரியை வருவதையும், ‘ஆற்றில்’, ‘நாட்டில்’ என்பவற்றுக்கு ஒற்று இரட்டுவதையும் விதியாகச் சொல்லித்தர வேண்டும். இவ்விதிகளை வகுப்பறையில் நாள்தோறும் நடத்துபவர்கள் இந்த அவையில்தான் இருக்கிறீர்கள். நிரலாளர் மட்டும் அமர்ந்து செய்யக்கூடிய பணியன்று இது.

தலைப்புகளிலும் கவனம் வேண்டும். ‘ஔவையார்’ என்பதை ஒருவர் ஔகாரத்தாலும் மற்றொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டும் எழுதுவர். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கோ இரு வேறு புலவர்கள். ‘பிரிக்பீல்ட்ஸ்’ என்பதை ஆய்த எழுத்துச் சேர்த்து எழுதுவாரும் உளர். ஒரு பக்கத்துக்குப் பல பெயர் வைக்க இடம் தருவதே தக்க வழி. ஒரே வடிவத்தைத் திணிப்பது பயன் தராது.

இறுதியாக, அகரவரிசை. ஒருங்குறிப் பட்டியலில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே நிற்கிறது. எண் வரிசையை மட்டும் நம்பும் செயலியில் ‘பனை’ முன்னும் ‘பயறு’ பின்னும் வரும். நம் அகராதியில் ‘பயறு’தான் முன். பக்கங்கள் பத்து இருக்கும்போது இது தெரியாது. முந்நூறு பக்கம் சேர்ந்தபின் தேடிக் களைத்த மாணவர், பக்கம் தொலைந்துவிட்டது என்றெண்ணி அதே தலைப்பில் இன்னொன்றைத் தொடங்கிவிடுகிறார்.